பழைய எலெக்ட்ரிக் கார் திருகோணமலைல ஓடுமா: பற்றரி, பிளக், கரண்ட் பில் மூண்டையும் விளங்கிக்கொள்ள

2025 பெப்ரவரில வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு எங்கட ரோட்டில சத்தமில்லாத கார்கள் கூடிப்போச்சு. புதுசு வாங்க வசதி உள்ளவங்க புதுசுக்கு மாற, அவங்க வச்சிருந்த 2013, 2014, 2015 மொடல் நிசான் லீஃப் எல்லாம் விற்பனைக்கு வருது. பெற்றோல் காரோட ஒப்பிட்டா விலையும் குறைவு. 2022ல பெற்றோல் லீட்டர் 470 ரூபா வித்ததையும், கியூஆர் காட்டி கிழமைக்கு 20 லீட்டருக்கு லைன்ல நிண்டதையும் யாரும் மறக்கல. சீனக்குடால 99 எண்ணெய்த் தாங்கிய பக்கத்தில வச்சுக்கொண்டு நாங்க கான் தூக்கிக்கொண்டு திரிஞ்சம். அந்த ஞாபகத்தில இந்த விலையப் பாத்தா ஆசை வரத்தான் செய்யும்.

ஆனா விளம்பரத்தில "12 பார் இருக்கு, ஃபுல் சார்ஜுக்கு 150 கிலோமீட்டர்" எண்டு போட்டிருக்கும் (பார் எண்டது பற்றரியின்ர நிலையக் காட்டுற டாஷ்போட் கோடு), வாங்கின ஆள் கந்தளாய் தாண்டி நடுக்காட்டில நிப்பார். இன்னொருத்தர் வீட்டுச் சுவர்ல பிளக் உருகி கறுத்துப்போய் இருக்கும். ரெண்டு பேரும் கார் கெட்டது எண்டுதான் சொல்லுவாங்க, ஆனா முக்கால்வாசி நேரம் கார் சரியாத்தான் இருக்குது, கணக்குத்தான் பிழைச்சிருக்கு. அந்தக் கணக்க அடியில இருந்து போட்டுப் பாப்பம்.

முதல்ல பேர்களப் பிரிச்சுக்கொள்ளுங்க

"ஹைபிரிட்டும் கரண்ட் கார்தானே" எண்டு கேக்குறவங்க இன்னும் நிறையப் பேர் இருக்காங்க. இல்ல. நாலு வகை இருக்கு:

1. சாதாரண ஹைபிரிட்: அக்வா, ப்ரியஸ், அக்சியோ ஹைபிரிட் மாதிரி. பெற்றோல்லதான் எல்லாம், பற்றரி உதவிக்கு. பிளக் குத்த இடமே இல்ல.
2. இ-பவர்: நிசான் நோட்ல வாறது. சில்லச் சுத்துறது மோட்டர்தான், ஆனா அந்தக் கரண்ட உண்டாக்குறது உள்ள இருக்கிற பெற்றோல் எஞ்சின். இதுக்கும் பிளக் இல்ல.
3. பிளக்-இன் ஹைபிரிட்: அவுட்லாண்டர் மாதிரி. கொஞ்ச தூரம் கரண்ட்ல, மிச்சம் பெற்றோல்ல.
4. முழு எலெக்ட்ரிக்: லீஃப் மாதிரி. பெற்றோல் தாங்கியே கிடையாது. சார்ஜ் முடிஞ்சா முடிஞ்சதுதான்.

இந்தக் கட்டுரை நாலாவது வகைக்கு மட்டும்.

இன்னும் ரெண்டு சொல் விளங்கோணும். கிலோவாட் எண்டா வேகம், ஒரு நேரத்தில எவ்வளவு கரண்ட் போகுது எண்டது. கிலோவாட் மணி எண்டா அளவு, அதத்தான் கரண்ட் பில்லுல நாங்க "யூனிட்" எண்டு சொல்லுறம். தண்ணித் தாங்கியோட ஒப்பிட்டா பைப்பில தண்ணி வாற வேகம் கிலோவாட், தாங்கி கொள்ளுற தண்ணி யூனிட். 24 கிலோவாட் மணி லீஃப் எண்டா 24 யூனிட் தாங்கி, ஆனா அதில ஒரு பங்க கார் தன்ர பாதுகாப்புக்கு ஒதுக்கி வச்சிருக்கும், புதுசிலயே பாவிக்கக் கிடைக்கிறது 21 யூனிட் அளவுதான்.

எந்த லீஃப் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற

லீஃப் 2010 டிசம்பர்ல வந்தது. ஜப்பான்ல இருந்து எங்கட நாட்டுக்கு வந்ததுகள இப்பிடிப் பிரிக்கலாம்:

1. இசட்-ஈ-சீரோ: முதல் வந்தது, 24 யூனிட். டிக்கியத் திறந்தா பின் சீட்டுக்குப் பின்னால குறுக்கால ஒரு மேடு இருக்கும், சார்ஜர் பெட்டி அதுக்குள்ள.
2. ஏ-இசட்-ஈ-சீரோ: 2012 கடைசில இருந்து. சார்ஜர் முன்பக்க பொனட்டுக்குள்ள போயிட்டு, டிக்கி தட்டையா இருக்கும். 24 யூனிட், 2015 கடைசில இருந்து 30 யூனிட்டும் வந்தது.
3. ரெண்டாம் தலைமுறை: 2017 ஒக்டோபர்ல இருந்து, 40 யூனிட். 2019ல 62 யூனிட்டும் வந்தது.

டிக்கியில மேடு இருந்தா அது பழைய கார், விக்கிறவர் வருசத்த எப்பிடிச் சொன்னாலும் சரி. புக்கில இருக்கிற செசி நம்பரோட ஒத்துப் பாருங்க.

பற்றரி ஏன் தேயுது, ஏன் எங்கட ஊர்ல கூடத் தேயுது

போன் பற்றரி ரெண்டு வருசத்தில சார்ஜ் நிக்காமப் போற அதே காரணம்தான் இங்கயும். லிதியம் பற்றரிக்குள்ள ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா வேண்டாத ரசாயன மாற்றம் நடக்குது, சூடு கூடினா அது வேகமா நடக்கும், அதோட ஃபுல் சார்ஜ்ல நிறுத்தி வச்சா இன்னும் வேகமா நடக்கும். கார் ஓடினாலும் ஓடாட்டிலும் இந்தத் தேய்மானம் இருக்கு. "கிலோமீட்டர் குறைவு, நாப்பதாயிரம்தான் ஓடினது" எண்டு சொல்லுறத மட்டும் நம்பி வாங்கக்கூடாது எண்டதுக்கு காரணம் இதுதான்.

மற்ற கம்பனிகள்ட எலெக்ட்ரிக் கார்கள் கனக்க பற்றரியச் சுத்தி குளிர் தண்ணி ஓடுற மாதிரி செஞ்சிருக்கு. லீஃப்ல அது இல்ல, ஃபேனும் இல்ல, ரோட்டில படுற காத்துத்தான் அதுக்கு. ஜப்பான் குளிருக்கு அது காணும். அமெரிக்கால அரிசோனா பாலைவனப் பக்கம் 2012லயே லீஃப் வச்சிருந்தவங்க ஒண்டு ரெண்டு வருசத்தில தூரம் குறைஞ்சிட்டு எண்டு சண்டை பிடிச்சு, அதுக்குப் பிறகுதான் நிசான் பற்றரி கொள்ளளவுக்கும் உத்தரவாதம் குடுத்தது, 2015 மொடல்ல இருந்து சூடு தாங்குற மாதிரி பற்றரியோட ரசாயனத்தையும் மாத்தினது. திருகோணமலைல ஆனி ஆடில கச்சான் வீசேக்க தார் ரோட்டுக்கு மேல அலை அலையாத் தெரியும், அந்தத் தார்ச் சூட்டுக்கு ஒரு சாண் மேலதான் பற்றரி தொங்கிக்கொண்டு போகுது. ஒரே வருசம் ஒரே கிலோமீட்டர் ஓடின ரெண்டு கார்ல ஒண்டு நுவரெலியால இருந்தது, மற்றது அனுராதபுரத்தில வெயில்ல நிண்டது எண்டா, நுவரெலியா காரத்தான் முதல்ல போய்ப் பாக்கணும்.

பார், எஸ்ஓஎச், ஏமாத்து

இதுதான் முழு விசயத்திலயும் முக்கியமான பகுதி, ஆறுதலா வாசிங்க.

லீஃப் டாஷ்போட்ல சார்ஜ் காட்டுற பெரிய கட்டைகளுக்குப் பக்கத்தில ஒல்லியா 12 கோடு இருக்கும். அதத்தான் "பார்" எண்டுறாங்க. இது இப்ப எவ்வளவு சார்ஜ் இருக்கு எண்டதக் காட்டுறது இல்ல, தாங்கியே எவ்வளவு சுருங்கிட்டு எண்டதக் காட்டுறது. எஸ்ஓஎச் எண்டா பற்றரியின்ர ஆரோக்கியம், புதுசு 100 வீதம்.

இதில ஒரு சூட்சுமம் இருக்கு. முதலாவது பார் விழுறதுக்கு 15 வீதம் போகணும், அதுக்குப் பிறகு ஒவ்வொரு பாருக்கும் 6 வீதம் சொச்சம்தான். அதால:

1. 12 பார்: 85 வீதத்துக்கு மேல எங்கயும் இருக்கலாம். 99உம் 86உம் ஒரே மாதிரித்தான் தெரியும்.
2. 10 பார்: 70களின் நடுவுக்கும் கடைசிக்கும் இடையில.
3. 9 பார்: 70க்கு கிட்ட.
4. 8 பார்: 60 சொச்சம்.

"மூண்டு பார்தானே போயிருக்கு, முக்கால்வாசி இருக்கு" எண்டு நினைச்சா கிட்டத்தட்ட சரிதான், ஆனா அதுக்குப் பிறகு ஒவ்வொண்டா விழுறது வேகமா இருக்கும்.

அடுத்தது ஏமாத்து. பற்றரியக் கணக்குப் பாக்குற கம்பியூட்டர ரீசெட் பண்ணிவிட்டா 12 பாரும் திரும்ப வந்து நிக்கும். தாங்கி பெருசாகல, கணக்கு மட்டும் அழிஞ்சிருக்கு. ரெண்டு மூண்டு கிழமை ஓட ஓட கார் தன்ர உண்மைய மெல்ல மெல்லக் கண்டுபிடிச்சு பார் ஒவ்வொண்டா விழும். அதுக்குள்ள காசும் கை மாறியிருக்கும், புக்கும் பேர் மாறியிருக்கும். 2014 கார் ஒண்டு பற்றரி மாத்தாம 12 பார் காட்டுது எண்டா சந்தோசப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

எப்பிடிச் சோதிக்கிற?

முதலாவது, லீஃப் ஸ்பை எண்ட ஆப். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற ஓபிடி பொயின்ட்ல (கார்க் கம்பியூட்டர வாசிக்கக் குத்துற இடம்) ஒரு சின்ன புளூடூத் டொங்கிளக் குத்தி போன்ல பாக்கலாம். எஸ்ஓஎச், எத்தன தரம் ஃபாஸ்ட் சார்ஜ் பண்ணினது, பற்றரிக்குள்ள இருக்கிற 96 செல் சோடியும் தனித்தனியா எத்தன வோல்ட்ல நிக்குது எண்டு எல்லாம் காட்டும். 96 கோடும் சமமா வரிசையா நிண்டா நல்லம். எல்லாம் உயர நிக்க ஒண்டு ரெண்டு மட்டும் பள்ளத்தில விழுந்து கிடந்தா, அந்த ஒண்டு ரெண்டுதான் முழுக் காரையும் நிப்பாட்டும், ஏனெண்டா எல்லாம் ஒரு சங்கிலி, பலவீனமான செல் முடிஞ்ச உடன மற்றதில சார்ஜ் இருந்தாலும் கார் "போதும்" எண்டிரும். சார்ஜ் 30 வீதத்துக்குக் கீழ வந்த பிறகு கொஞ்சம் அழுத்தி ஓடிக்கொண்டு பாத்தாத்தான் இந்தப் பள்ளம் வடிவாத் தெரியும், ஃபுல் சார்ஜ்ல நிக்கேக்க எல்லாரும் நல்ல பிள்ளையா நிப்பாங்க.

ரெண்டாவது, ஆப்பையும் நம்பாம ஓடிப் பாக்கிறது. ரீசெட் பண்ணினாலும் இதில தப்ப ஏலாது. 24 யூனிட் கார் ஒண்ட 100 வீதம் சார்ஜ் பண்ணச் சொல்லி, திருகோணமலை டவுன்ல இருந்து கந்தளாய் வரைக்கும் ஏசி போட்டு, சாதாரணமா நீங்க ஓடுற வேகத்தில ஓடுங்க. சுமார் 40 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்த உடன ரெண்டு எண்ணத்தக் குறிச்சுக்கொள்ளுங்க: சார்ஜ் எத்தன வீதம் மிச்சம், ஒரு யூனிட்டுக்கு எத்தன கிலோமீட்டர் ஓடினதா கார் காட்டுது. உதாரணத்துக்கு 60 வீதம் மிச்சம், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் எண்டு வையுங்க. கணக்கு இப்பிடி:

1. 40 கிலோமீட்டர 7ஆல பிரிச்சா 5.7 யூனிட் செலவு.
2. அந்த 5.7 யூனிட்டுக்கு 40 வீதம் குறைஞ்சிருக்கு. அப்ப 100 வீதத்துக்கு 14.3 யூனிட்.
3. புதுசில 21 இருக்கோணும். 14.3ஐ 21ஆல பிரிச்சா 68 வீதம்.

டாஷ்போட் 12 பார் காட்டுது, உங்கட கணக்கு 68 வீதம் காட்டுதெண்டா பேசாம சாவியக் குடுத்திட்டு வந்திருங்க. விக்கிறவர் "கந்தளாய்க்கெல்லாம் குடுக்க ஏலாது, லேக் ரோட்ல ஒரு ரவுண்ட் அடிச்சுப் பாருங்க" எண்டு சொன்னா அதுவும் ஒரு பதில்தான்.

"பற்றரி மாத்தினது" எண்டு சொல்லி விக்கிற கார்களும் இருக்கு. மாத்துறது எண்டா புது பற்றரி எண்டு அர்த்தம் இல்ல, அடிபட்ட இன்னொரு லீஃப்ல கழட்டின பழைய பற்றரியாவும் இருக்கலாம், 24 யூனிட் பெக்ல, அதாவது முழுப் பற்றரிப் பெட்டில, இருக்கிற 48 மொடியூல்ல (செல் கட்டுகள்ல) கெட்டதுகள மட்டும் மாத்தினதாவும் இருக்கலாம். ரெண்டுமே பிழையான வேலை இல்ல, ஒழுங்காச் செஞ்சா நல்லா ஓடும். எந்த வருச பெக், எஸ்ஓஎச் எவ்வளவு, யார் செஞ்சது எண்டு எழுத்தில வாங்கணும், அதோட மேல சொன்ன ஓட்டச் சோதனையையும் செய்யணும்.

எங்கட ஊர்த் தூரத்துக்குக் காணுமா

மேல கண்ட 68 வீதக் காரையே எடுப்பம். 14.3 யூனிட், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், மொத்தம் 100. அடிமட்டம் வரைக்கும் ஓடுறது பற்றரிக்கும் கூடாது, நெஞ்சுக்கும் கூடாது, அதால 15 வீதத்தத் தள்ளுங்க. கைல நிக்கிறது 85 கிலோமீட்டர். மழைக்கு, ஆள் நிறைய ஏத்தினா, 80க்கு மேல வேகமா ஓடினா இன்னும் குறையும்.

1. டவுன், உப்புவெளி, ஓர்ஸ்ஹில், சீனக்குடா: நாள் முழுக்க ஓடலாம்.
2. நிலாவெளி போய்வர 30 கிலோமீட்டர் அளவு. கிண்ணியா பாலத்தால போய்வர 40 சொச்சம். பயமில்ல.
3. குச்சவெளி போய்வர 70 கிலோமீட்டர் அளவு. ஏலும், வழில வேற வேலை வைக்காதீங்க.
4. கந்தளாய் போய்வர 80. விளிம்பில நிக்குது. அங்க ஒரு சொந்தக்கார வீட்ல ரெண்டு மணித்தியாலம் குத்தி வச்சா நிம்மதி.
5. ஹபரண ஒரு வழி 85 கிலோமீட்டர். வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில பொழுதுபட்டா யானை ரோட்டில நிக்கும், அந்த இடத்தில சார்ஜ் முடிஞ்சு நிக்கிறது விளையாட்டு இல்ல.
6. வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு: இந்தக் கார் அதுக்குரியது இல்ல. 40 யூனிட் கார் நல்ல நிலைல இருந்தா வவுனியா சரி, மட்டக்களப்பு கவனமா ஓடினாச் சரி, கொழும்புக்கு சுமார் 260 கிலோமீட்டர், வழில ஃபாஸ்ட் சார்ஜ் கட்டாயம்.

கடைசி ஒரு வருசத்தில நீங்க 85 கிலோமீட்டருக்கு மேல எத்தன நாள் போனீங்க எண்டு எண்ணிப் பாருங்க. பத்து நாளுக்குக் குறைவெண்டா அந்தப் பத்து நாளுக்கு பஸ்சோ ஹயர் வேனோ பிடிக்கலாம், 9 பார் கார் உங்களுக்குக் காணும். மாசம் ரெண்டு தரம் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போற வீடெண்டா என்ன விலைக்குத் தந்தாலும் இது சரிவராது.

வீட்டில சார்ஜ் பண்ணுறது: பிளக் ஏன் உருகுது

சார்ஜர் காருக்குள்ளதான் இருக்குது. நாங்க சுவர்ல குத்துற பெட்டி வச்ச வயர் உண்மைல ஒரு காவல்காரன் மட்டும்: எர்த் சரியா, லீக் இல்லையா எண்டு பாத்து, "இவ்வளவு ஆம்பியர்தான் எடுக்கலாம்" எண்டு காருக்குச் சொல்லி, பிறகு கதவத் திறந்து விடுது.

ஜப்பான்ல இருந்து காரோட வாற வயர் 200 வோல்ட்டுக்குச் செஞ்சது, காருக்கு 15 ஆம்பியர் வரைக்கும் எடுக்கலாம் எண்டு சொல்லும். எங்கட வீட்டில 230 வோல்ட், சுவர்ல இருக்கிறது 13 ஆம்பியர் சதுரப் பின் சொக்கட். ஜப்பான் பிளக்க வெட்டிப்போட்டு கடைல வாங்கின 13 ஆம்பியர் பிளக் டொப்பப் பூட்டினா, 13 தாங்குற இடத்தால 15 போகும். கேத்தில் ரெண்டு நிமிசம் இழுக்கும், அயன் பத்து நிமிசம் இழுக்கும், கார் ஏழெட்டு மணித்தியாலம் விடாம இழுக்கும், அதுதான் வித்தியாசம். முதல் நாள் பிளக் லேசாச் சுடும். ரெண்டு மூண்டு கிழமைல சதுரப் பின்ன இழுத்துப் பாத்தா பித்தளை நிறம் மாறி ஊதாவும் கபிலமுமா இருக்கும், சொக்கட் ஓட்டையச் சுத்தி வெள்ளை பிளாஸ்டிக் டீ ஊத்தின மாதிரி மஞ்சளடிச்சிருக்கும். அதுக்கு அடுத்தது உருகுறது. கடல் பக்கத்து வீடுகள்ல உப்புக் காத்துப் பட்டு சொக்கட்டுக்குள்ள பச்சை பிடிச்சிருக்கும், அங்க இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சரியா எப்பிடிச் செய்யணும் எண்டு வயரிங் செய்றவரிட்ட இதக் காட்டுங்க:

1. மெயின் போட்ல இருந்து காருக்கு எண்டே தனி லைன். பழைய சொக்கட் லைன்ல இருந்து எடுக்கக்கூடாது. வயர் 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீட்டர். சொக்கட்டுக்கு வழமையாப் போடுற 7/0.67 இதுக்கு மெல்லிசு.
2. அதுக்குத் தனி 20 ஆம்பியர் பிரேக்கர்.
3. தனி ட்ரிப் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. வீட்டில சாதாரணமா இருக்கிறது டைப் ஏசி, காரில இருந்து டிசி லீக் வந்தா அது கண் தெரியாம நிண்டிரும். அதோட ஒரே ட்ரிப் சுவிட்ச்ல வீடும் காரும் இருந்தா ராத்திரி மூண்டு மணிக்கு ட்ரிப் அடிச்சு பிரிட்ஜும் நிண்டிருக்கும், காலைல மீன் பழுதாப் போனதுக்குப் பிறகுதான் தெரியும்.
4. சுவர்ல நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சொக்கட், மூடியோட. மழை படாத இடம்.
5. வயர் 230 வோல்ட்டுக்குச் செஞ்சதா, 8, 10, 13, 16 எண்டு ஆம்பியர் மாத்தக்கூடியதா வாங்குங்க. அவசரத்துக்கு 13 ஆம்பியர் சொக்கட்லதான் குத்தணும் எண்டா 10ல வச்சுக் குத்துங்க.
6. எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். சுருட்டி வச்ச எக்ஸ்டென்ஷன் கட்டாயம் வேண்டாம், சுருளுக்குள்ள சூடு போக வழியில்லாம பத்தும்.

பிறகு எர்த். எங்கட வீடுகள்ல எர்த் எண்டது முத்தத்தில அடிச்ச கம்பிதான். மாரில மண் ஈரமா இருக்கேக்க நல்லா வேலை செய்யும். ஆடி ஆவணில மணல் காஞ்சு பொரிஞ்சு போக எர்த் பலவீனமாகும், அப்ப சார்ஜ் பண்ணுற பெட்டில சிவப்பு லைட் எரிஞ்சு சார்ஜ் ஏறாது. கார் பழுதெண்டு கராஜுக்குக் கொண்டு போகாதீங்க. எர்த்த அளந்து பாக்கச் சொல்லுங்க, இன்னொரு கம்பி ஆழமா அடிச்சுச் சேக்கலாம்.

சிலர் இதுக்கு ஒரு "சுகமான வழி" செய்றாங்க. பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால இணைச்சு விட்டா பெட்டி ஏமாந்து பச்சை லைட் எரியும். தயவுசெய்து இதுக்கு விடாதீங்க. எங்கயாவது நியூட்ரல் கழண்டா காரின்ர முழு இரும்பு உடம்பிலயும் 230 வோல்ட் நிக்கும். ஈர முத்தத்தில செருப்பில்லாம நிக்கிற பிள்ளை கதவக் கையால தொட்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. அப்பிடிச் செஞ்சு தாறன் எண்டு சொல்லுற ஆளிட்ட வேற எந்த வயரிங்கும் குடுக்காதீங்க.

சாதாரண வீட்டுக்கு மின்சார சபை தாறது 30 ஆம்பியர் ஒற்றைக் கட்டம், கிட்டத்தட்ட 7 கிலோவாட். கார் 3 எடுத்தா மிச்சம் 4. கார் ஏறிக்கொண்டிருக்க தண்ணி மோட்டர், அயன், ஏசி மூண்டையும் ஒண்டாப் போட்டா மெயின் விழும்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்

இங்கதான் ஆக்கள் பிழை விடுறாங்க. பில்லின்ர மொத்தக் காச மொத்த யூனிட்டால பிரிச்சு "யூனிட் இவ்வளவுதான்" எண்டு கணக்குப் போடுறாங்க. வீட்டுக் கட்டணம் படிப்படியா ஏறுறது: மாசம் 60 யூனிட் தாண்டின வீட்டுக்கு 60 வரைக்கும் ஒரு விலை, 61 முதல் 90, 91 முதல் 120, 121 முதல் 180, 180க்கு மேல எண்டு கூடிக்கொண்டு போகும். நிலையான கட்டணமும் படியோட ஏறும். வீடு ஏற்கனவே கீழ்ப் படிகளப் பாவிச்சு முடிச்சிருக்கு, அதால காருக்குப் போற யூனிட் எல்லாம் மேல் படி விலைக்குத்தான் விழும்.

மாசம் 1000 கிலோமீட்டர் ஓடுற ஆளுக்கு:

1. ஊருக்குள்ள ஏசியோட யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் எண்டு வச்சா 154 யூனிட்.
2. சுவர்ல இருந்து பற்றரிக்குப் போகேக்க சூடாப் போற நட்டம் 15 வீதம் அளவு. அப்ப மீட்டர்ல ஓடுறது 180 யூனிட்.
3. வீட்டுக்கு 100 யூனிட் எண்டா மொத்தம் 280. கடைசி 100 யூனிட்டும் ஆக உச்சப் படில.

கட்டண அட்டவணை அடிக்கடி மாறுறதால ரூபாக் கணக்க உங்கட கடைசி பில்ல வச்சே போடுங்க: 280 யூனிட்டுக்கு வாற பில்லுல இருந்து 100 யூனிட்டுக்கு வாற பில்லக் கழிச்சா மிச்சம் காருக்கு. பெற்றோல் கார் லீட்டருக்கு 14 ஓடுதெண்டா 1000 கிலோமீட்டருக்கு 71 லீட்டர், அத இண்டைக்கு விலையால பெருக்கி ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்க.

நேரத்துக்கு ஏத்த கட்டணம் எண்டு ஒண்டும் இருக்கு, விரும்பினா மாறலாம். ராத்திரி 10.30 முதல் விடிய 5.30 வரை ஆகக் குறைவு, பின்னேரம் 6.30 முதல் 10.30 வரை ஆகக் கூட. 10 ஆம்பியர்ல 7 மணித்தியாலம் ஏத்தினா 16 யூனிட் வரும், மேல சொன்ன 68 வீதக் கார் கிட்டத்தட்ட முழுசா நிறையும். ஆனா மாறினா காருக்கு மட்டும் இல்ல, முழு வீட்டுக்கும் மாறும், பின்னேரம் சமைக்கிறதும் டிவியும் ஃபேனும் உச்ச விலைக்குப் போகும். உங்கட இணைப்பு இந்த முறைக்குப் பொருந்துமா எண்டதையும் மின்சார சபைல கேட்டுக்கொள்ளணும்.

சோலார் வச்ச வீட்டுக்கு இந்தக் கார் நல்ல பொருத்தம். எங்கட வெயிலுக்கு 1 கிலோவாட் பனல் நாளுக்கு 4 யூனிட் அளவு தரும், அப்ப காரின்ர 180 யூனிட்டுக்கு 1.5 கிலோவாட் காணும். வசதிப்பட்டா பகல்ல ஏத்துங்க. 2025 சித்திரை வருசப் பிறப்பு லீவுக்கு பகல்ல கரண்ட் மிஞ்சிப்போய் கூரைச் சோலார நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்ட நாடு இது.

ஃபாஸ்ட் சார்ஜும் தலை பொருந்துறதும்

ஜப்பான் லீஃப்ல ரெண்டு வாய் இருக்கும்: மெதுவா ஏத்த டைப் 1, வேகமா ஏத்த சாடெமோ. இப்ப வாற புதுக் கார்கள்ல கனக்க டைப் 2உம் சிசிஎஸ் 2உம்தான். ஒரு இடத்தில "சார்ஜிங் ஸ்டேஷன்" எண்டு போர்ட் இருந்தாக் காணாது, சாடெமோ தலை இருக்கா, வேலை செய்யுதா, எத்தன மணிக்குப் பூட்டுறாங்க எண்டு போன் பண்ணிக் கேட்டிட்டு வெளிக்கிடுங்க.

50 கிலோவாட் சார்ஜர்ல 24 யூனிட் கார் அரை மணித்தியாலத்தில 80 வீதம் வரும், அதுக்குப் பிறகு ஆமை வேகம், காத்துக்கொண்டு நிக்கிறதில பலன் இல்ல. மத்தியான வெயில்ல ஓடி வந்து ஏத்தி, திரும்ப ஓடி, திரும்ப ஏத்தினா பற்றரிச் சூடு மேல மேல ஏறும், 40 யூனிட் கார் இப்பிடியான நேரத்தில தானாவே சார்ஜ் வேகத்தக் குறைக்கும். நெடுந்தூரம் எண்டா விடியப்புறம் வெளிக்கிடுறது நல்லம்.

சின்ன விசயங்கள், பெரிய தலையிடி

பொனட்டுக்குள்ள சாதாரண 12 வோல்ட் பற்றரி ஒண்டு இருக்கு. அது செத்தா பெரிய பற்றரி ஃபுல்லா இருந்தாலும் கார் உயிர் பெறாது. லைட் எல்லாம் கண்ண கண்ண மூடித் திறக்கும், கிறிஸ்மஸ் மரம் மாதிரி எச்சரிக்கை லைட் எரியும், பாக்கிறவர் இலட்சக் கணக்கில செலவு எண்டு பயந்திருவார். முதல்ல அந்தச் சின்னப் பற்றரிய அளந்து பாருங்க.

வெள்ளத்தில நிண்ட கார் இப்ப கனக்க சந்தைக்கு வரும், 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் நாட்டின்ர எத்தனையோ பகுதியத் தண்ணிக்குள்ள விட்டது. கால்மிதி கார்ப்பெட்டத் தூக்கி அடிப்பக்கம் மணந்து பாருங்க, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சீட்டுக்குக் கீழ இருக்கிற பிளக் மூலைகள்ல காஞ்ச சேறு இருக்கா எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா விலை பேச வேண்டாம்.

மோட்டரே காரப் பின்னுக்கு இழுத்து வேகத்தக் குறைக்கிறதால பிரேக்குக்கு வேலை குறைவு. நல்லதுதான், ஆனா உப்புவெளி, டச்பே மாதிரி கடலோரம் நிக்கிற காருக்கு பிரேக் டிஸ்க் பாவிக்காமலே துருப் பிடிக்கும். கிழமைக்கு ஒருக்கா நியூட்ரல்ல விட்டு நாலஞ்சு தரம் நல்லா பிரேக் பிடிச்சு நிப்பாட்டினா தேய்ஞ்சு சுத்தமாகும். சார்ஜ் வாய் மூடிய திறந்தபடி விடாதீங்க.

ஒவ்வொரு நாளும் 100 வீதம் ஏத்தாதீங்க. நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடுற காருக்கு 80 போதும், பழைய லீஃப் சிலதில அதுக்கெண்டே ஒரு செட்டிங் இருக்கு. ஃபுல் ஏத்தினா அண்டைக்கே ஓடுங்க, ஃபுல்லா ஏத்தி வெயில்ல நிப்பாட்டி வச்சிட்டு ரெண்டு கிழமை ஊருக்குப் போகாதீங்க. முத்தத்தில வேப்பமரம் நிண்டா காருக்கு அந்த நிழலக் குடுங்க.

சார்ஜ் நேரத்த காரிலயே டைமர் வச்சு அமைக்கலாம், ஆனா மெனு எல்லாம் ஜப்பான் எழுத்து. வாங்குற அண்டைக்கே விக்கிறவரப் பக்கத்தில இருத்தி டைமர் வைக்கிறத ஒவ்வொரு படியா போன்ல வீடியோ எடுத்துக்கொள்ளுங்க. வீட்டுக்கு வந்து முதல் தரம் குத்தி ஒரு மணித்தியாலம் போன பிறகு பிளக்க புறங்கையால தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு சரி. கைய வச்சிருக்க ஏலாட்டி உடன நிப்பாட்டி வயரிங்காரரக் கூப்பிடுங்க.